முதலெழுத்துகளால் மட்டும் அறிந்த நால்வருக்கு

மதிப்பிற்குரிய எல்.எம். அம்மாவுக்கும், ஆர்.டபிள்யூ. ஐயாவுக்கும், டாக்டர் ஜே.சி. அவர்களுக்கும், சகோதரி ஏ.ஐ.க்கும்,

மருத்துவ ஏடுகளில் உங்கள் நால்வருக்கும் பெயர் கிடையாது, முதலெழுத்துகள்தாம். நோயாளியின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது, சரியான ஏற்பாடும்கூட. ஆனால் அதனால் ஒரு குறை நேர்ந்துவிட்டது. ஆய்வு செய்தவர்களின் பெயர்கள் பாடநூல்களில் நிலைத்துவிட்டன; உங்களுக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. ஆப்டோமெட்ரி, அதாவது பார்வைப் பரிசோதனை, பயிலும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது என் வேலை. அசைவை நாம் எப்படிப் பார்க்கிறோம், அதற்கும் கண்ணின் அசைவுக்கும் என்ன தொடர்பு என்ற பாடம் வரும்போதெல்லாம் உங்களை வைத்துத்தான் நடத்துகிறேன். அந்தக் கடனுக்குத்தான் இந்த மடல். உங்கள் கதை தெரியாத வாசகர்களும் கூடவே படிக்கட்டும் என்று இதைத் திறந்தே வைக்கிறேன்.

அவர்களுக்காக அடிப்படையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறேன்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் நம் கண்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகின்றன. பதினாறு மணி நேரம் விழித்திருந்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் தாவலுக்கு மேல். ஒவ்வொரு தாவலும் நொடிக்குப் பல நூறு பாகை வேகத்தில் நடக்கிறது. அப்போது சுவர், ஜன்னல், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் எல்லாமே விழித்திரையின் மேல் சரேலென்று இழுபடுகின்றன. ஒரு கேமராவை அப்படி வெட்டி வெட்டி ஆட்டிப் படம் பிடித்தால் யாராலும் பார்க்க முடியாது. நமக்கோ சுவர் சுவராக நிற்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணைப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ரேமண்ட் டாட்ஜ் போன்றவர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் கைக்கண்ணாடியைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்கிறேன். முதல் முறை யாருமே நம்புவதில்லை. பக்கத்து மாணவியைப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஒப்புக்கொள்கிறார்கள்.

எல்லாம் சரியாக இயங்கும்போது இந்த ஏற்பாடு தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. அதை எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள்.

எல்.எம். அம்மா, 1978 அக்டோபரில் உங்களுக்கு 43 வயது. கடுமையான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், மயக்கம் போன்ற நிலை. மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச்செல்லும் சிரைப்பாதையில் இரத்தம் உறைந்திருந்தது. உயிர் பிழைத்தீர்கள். ஆனால் மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் சேதம் தங்கிவிட்டது. 1980-இல் முனிச் நகரின் மாக்ஸ் பிளாங்க் உளமருத்துவ நிறுவனத்தில் யோசெஃப் ட்ஸீலும் அவருடைய சகாக்களும் உங்களைச் சோதித்தபோது பார்வைக் கூர்மை நன்றாக இருந்தது. நிறம் தெரிந்தது. பொருள்களை அடையாளம் கண்டீர்கள், படித்தீர்கள். எழுத்துப் பலகையும் நிறச் சோதனையும் வைத்திருக்கும் எந்தக் கண் மருத்துவமனையும் “உங்கள் கண்ணில் ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பியிருக்கும்.

அவர்களிடம் நீங்கள் தேநீர் ஊற்றுவதைப் பற்றிச் சொன்னீர்கள். கோப்பையில் ஊற்றும்போது திரவம் பனிப்பாறை போல உறைந்து நிற்கிறது. மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியவில்லை. எதிரே பேசுபவரின் உதடும் முகமும் அசைவது தெரியாததால் உரையாடலைத் தொடர்வது கடினம். அறையில் இரண்டு பேருக்கு மேல் நடமாடினால் உங்களால் அங்கே இருக்க முடியவில்லை. ஒருவர் இங்கே இருக்கிறார், திடீரென்று அங்கே இருக்கிறார், நடுவில் அவர் நடந்தது உங்கள் கண்ணில் படவில்லை. சாலையில் தொலைவில் தெரிந்த கார் கடக்க நினைக்கும்போது அருகில் வந்து நிற்கிறது. பின்னாளில் வண்டிகளின் சத்தத்தை வைத்துத் தொலைவைக் கணிக்கக் கற்றுக்கொண்டீர்கள். காதால் கேட்கும் அசைவும் தோலில் உணரும் அசைவும் உங்களுக்குக் குறையவில்லை.

1983-இல் ‘பிரெய்ன்’ ஏட்டில் வந்த அந்தக் கட்டுரைக்கு முன்னால் அசைவைப் பார்ப்பது தனி ஆற்றலா என்பதிலேயே சர்ச்சை இருந்தது. முதல் உலகப் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்த ஜார்ஜ் ரிடாக், 1917-இல் சிலருக்குப் பார்வை போன பகுதியிலும் அசைவு மட்டும் தெரிகிறது என்று எழுதினார். கார்டன் ஹோம்ஸ் போன்ற பெரிய நிபுணர் அதை ஏற்கவில்லை. குரங்கின் மூளையில் அசைவுக்குப் பதில் தரும் ஒரு சிறு பகுதியை 1971-இல் டப்னரும் செமிர் செக்கியும் விவரித்தார்கள்; இன்று அதை எம்.டி. என்றும் வி5 என்றும் அழைக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி கெட்டால் ஒரு மனிதருக்கு உலகம் எப்படி இருக்கும் என்பதை எந்தக் குரங்காலும் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னீர்கள். தேநீர் ஊற்ற முடியாத ஒருவர் மறதி என்றோ கைத்தடுமாற்றம் என்றோ ஒதுக்கிவிடாமல், கண்ணில் தெரிவது என்ன என்று நிதானமாகப் பார்த்துச் சொன்னதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நோயில் கிடப்பவருக்கு அது பெரிய உழைப்பு.

உங்கள் கண்களின் அசைவையும் அவர்கள் அளந்தார்கள். இந்த மடலின் மையம் அதுதான். மெதுவாக நகரும் புள்ளியை உங்கள் கண்கள் வழுக்கிக்கொண்டே பின்தொடர்ந்தன. நொடிக்கு எட்டுப் பத்துப் பாகைக்கு மேல் வேகம் போனதும் பின்தொடர்வது நின்று, கண்கள் துண்டு துண்டாகத் தாவத் தொடங்கின. கண்ணை நகர்த்தும் ஆறு தசைகளிலும் பழுதில்லை. அசைவே தெரியாதபோது கண் எதைப் பற்றிக்கொண்டு பின்செல்லும்?

வாசகர்கள் இதை உடனே தங்கள் கண்ணிலேயே சோதிக்கலாம். எதிர்ச் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணை மெல்ல, நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். முடியாது. நான்கைந்து தாவலாகத்தான் போகும். இப்போது உங்கள் விரலை நீட்டி இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, நகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு மனவலிமை இருந்தாலும் வெறும் சுவரில் அந்த அசைவை வரவழைக்க முடிவதில்லை. 1985-இல் வில்லியம் நியூசமும் ராபர்ட் வர்ட்ஸும் சகாக்களும் குரங்கின் எம்.டி. பகுதியில் மிகச் சிறிய சேதத்தை உண்டாக்கியபோது, நிற்கும் பொருளுக்குத் தாவுவது சரியாக இருந்தது. ஓடும் பொருளின் வேகத்தைக் கணித்து அதோடு போவது மட்டும் பழுதானது. முனிச்சில் உங்களிடம் அளந்ததோடு அது பொருந்தி வந்தது.

நலமாக இருப்பவர்களுக்கும் இந்த ஆற்றலுக்கு எல்லை உண்டு. நம் ஊர் மைதானங்களில் பயிற்சியாளர்கள் “பந்திலிருந்து கண்ணை எடுக்காதே” என்று சொல்வதைக் கேட்டிருப்போம். மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியடும் கிரிக்கெட் மட்டையாளர்களின் தலையில் கண்ணசைவுக் கேமராவைப் பொருத்தி, இயந்திரத்திலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அனுப்பிப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவு இது: மட்டையாளர் பந்து புறப்படுவதைப் பார்க்கிறார், பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரரின் கண் அந்த இடத்துக்குச் சீக்கிரமே போய்விடுகிறது. முதல் சில கணங்களில் தெரிந்த அசைவை வைத்து மிச்சப் பாதையை மூளை கணித்துவிடுகிறது. எல்.எம். அம்மா, சாலையோரத்தில் உங்களுக்கு இல்லாமல் போனது அந்த முதல் சில கணங்கள்தான்.

ஆர்.டபிள்யூ. ஐயா, உங்களிடம் வருகிறேன். என் மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பது உங்களைப் பற்றித்தான்.

உங்கள் கண்கள் சரியாக நகர்ந்தன. கண்ணை நிறுத்திப் பார்க்கும்போது எதிரே இருப்பது அசைகிறதா இல்லையா என்பதும் சரியாகத் தெரிந்தது. ஆனால் நகரும் எதையாவது கண்ணால் பின்தொடர்ந்தால் உங்களுக்குத் தலை சுற்றியது. பறக்கும் பறவையைக் கண் தொடர்ந்தால் பின்னாலிருக்கும் மரமும் வீடும் வானமும் விழித்திரையில் எதிர்த்திசையில் ஓடும். அந்த ஓட்டம் என் கண்ணால் வந்தது என்று என் மூளை தள்ளிவிடுகிறது. உங்கள் மூளை தள்ளவில்லை. வீடும் மரமும் நிஜமாகவே ஓடின.

ட்யூபிங்கனில் தாமஸ் ஹார்மயர், பீட்டர் டீர் ஆகியோரின் குழு இதை எண்ணாக்கிய விதம் அழகானது. திரையில் ஒரு புள்ளி ஓடும். நீங்கள் அதைப் பின்தொடர வேண்டும். நடுவில் சிறு நேரம் மட்டும் பின்னணியில் புள்ளிகளின் கூட்டம் ஒன்று தோன்றி மறையும். அது இடப்பக்கம் ஓடியதா, வலப்பக்கம் ஓடியதா? உங்கள் பதிலைப் பொறுத்துப் பின்னணியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, எந்த வேகத்தில் அது உங்களுக்கு நிற்பதாகத் தெரிகிறது என்று கண்டுபிடிப்பார்கள். மற்றவர்களுக்குப் பின்னணி நிஜமாக நிற்கும்போது, அல்லது அதற்கு மிக அருகில், நிற்பதாகத் தெரியும். உங்களுக்கோ பின்னணியும் கண்ணோடு கூடவே, கண்ணின் வேகத்திலேயே ஓடினால்தான் நிற்பதாகத் தெரிந்தது. விழித்திரையில் எது ஓடினாலும் அது வெளியே ஓடுகிறது என்று உங்கள் மூளை எடுத்துக்கொண்டது. 1997-இல் ‘நேச்சர்’ ஏட்டில் அது வெளிவந்தது.

அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யோசித்த ஒன்றுக்கு உங்களிடம் விடை இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளியோர இமையை விரல் நுனியால் மிக மெல்ல அழுத்தினால் உலகம் சாய்ந்து நகர்கிறது. (கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களும் கண் அறுவை செய்துகொண்டவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.) அதே அளவு கண்ணை நாமாகவே நகர்த்தினால் உலகம் நகர்வதில்லை. விழித்திரையில் இரண்டும் ஒன்றுதான். கண்ணை நகர்த்து என்று மூளை கட்டளையிட்டதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. தசைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று பார்வைப் பகுதிக்கும் போகிறது. எவ்வளவு ஓட்டத்தைக் கழிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தக் கருத்துக்கு 1950-இல் எரிக் ஃபான் ஹோல்ஸ்ட்டும் ஹோர்ஸ்ட் மிட்டெல்ஷ்டெட்டும் ஓர் ஈயை வைத்துச் சான்று காட்டினார்கள். ஈயின் தலையை நூற்றெண்பது பாகை திருப்பி ஒட்டியபோது, தான் திரும்பியதால் வரும் காட்சி ஓட்டம் எதிர்த்திசையில் வந்து சேர்ந்தது. ஈ நிற்காமல் வட்டமடித்தது. அதே ஆண்டில் ரோஜர் ஸ்பெரி மீனின் கண்ணைத் திருப்பிவைத்து அதே முடிவுக்கு வந்தார். 2002-இல் மார்க் சோமரும் ராபர்ட் வர்ட்ஸும் அந்த நகல் குரங்கின் மூளையில் நடுமூளையிலிருந்து தாலமஸ் வழியாக மூளையின் முன்மடலுக்குப் போகும் ஒரு பாதையைத் தொட்டே காட்டினார்கள். ஈயும் மீனும் குரங்கும் இவ்வளவு சொல்லின. கழித்தல் நின்றுபோன உலகில் ஒரு மனிதர் எப்படித் தடுமாறுவார் என்பதை உங்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

உங்களை அதிசயமாக மட்டும் வகுப்பில் காட்டுவதில்லை. எங்கள் கழித்தலும் துல்லியமானதல்ல. 1922-இல் வில்ஹெல்ம் ஃபிலேனெ காட்டியபடி, விரலைக் கண்ணால் பின்தொடரும்போது பின்னாலிருக்கும் பொருள்கள் எதிர்த்திசையில் லேசாக நகர்வதாக எல்லோருக்கும் தோன்றுகிறது. மூளை கொஞ்சம் குறைவாகக் கழிக்கிறது. அதற்கும் முன்பே ஆய்வாளர்கள் ஃப்ளைஷ்லும் ஆவ்பெர்ட்டும் கண்டது: ஒரு பொருளைக் கண்ணால் தொடர்ந்தால், கண்ணை நிறுத்திப் பார்ப்பதைவிட அது மெதுவாகப் போவதாகத் தெரியும். எங்களுக்குச் சற்றே பிசகிய கணக்கு உங்களுக்கு முழுவதும் பிசகியது. அளவில்தான் வேறுபாடு.

டாக்டர் ஜே.சி., நீங்கள் மருத்துவராகவே இருந்ததால் உங்கள் கட்டுரையை நீங்களே எழுதினீர்கள். 1952-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஏட்டில் உங்கள் முதலெழுத்துகளோடு வந்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டீர்கள். மருந்து உங்கள் உட்செவியிலிருக்கும் சமநிலை உறுப்பை அழித்துவிட்டது. பிறகு படுக்கையில் அசையாமல் படுத்திருந்தாலும் புத்தகத்தின் எழுத்துகள் ஆடின. ஆட்டியது உங்கள் நாடித்துடிப்பு. இதயம் துடிக்கும்போதெல்லாம் தலை துளி அசைகிறது. அந்த அசைவைக்கூடக் கண்ணால் ஈடுகட்ட முடியவில்லை. கட்டிலின் தலைமாட்டில் இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டு படித்தீர்கள். நடக்கும்போது சுற்றுப்புறம் முழுவதும் குதித்ததால் பெயர்ப்பலகையைப் படிக்க நின்றாக வேண்டியிருந்தது.

கட்டில் கம்பிக்கு நடுவே தலையைக் கொடுத்துப் படிக்கும் ஒரு மருத்துவரின் படம் என் மனத்தை விட்டுப் போவதே இல்லை. உட்செவியில் ஒரு பக்கத்துக்கு மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை எந்தத் திசையில் திரும்பினாலும் அவை உணர்ந்து, நொடியின் நூறில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் கண்ணை எதிர்த்திசையில் திருப்பிவிடுகின்றன. செவியிலிருந்து கண் தசைக்கு மூன்றே நரம்பணுக்கள் கொண்ட குறுக்குவழி. காட்சியைப் பார்த்துப் பின்தொடர்வதற்கு ஏறத்தாழ நொடியின் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். நடக்கும்போது தலை ஆடும் வேகத்துக்கு அது போதவே போதாது. இந்த இதழைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டிப் படிக்கப் பாருங்கள், எழுத்து கலங்கிவிடும். அடுத்து இதழை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். படிக்க முடியும். இரண்டுக்கும் இடையேயுள்ள வித்தியாசம்தான் டாக்டர், நீங்கள் இழந்தது.

ஸ்ட்ரெப்டோமைசின் நம் நாட்டுக்கும் அந்நியமல்ல. பல பத்தாண்டுகள் காசநோயாளிகளுக்கு அந்த ஊசி போடப்பட்டது. எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டமைசின் இன்றும் வார்டுகளில் பயன்படுகிறது. உங்கள் கட்டுரையை என் மாணவர்கள் வரிக்கு வரி படிப்பது அதற்காகத்தான்.

உங்களுக்குப் பிறகு நல்லதொரு சோதனையும் வந்தது. 1988-இல் சிட்னியில் மைக்கேல் ஹல்மாகியும் இயன் கர்தாய்ஸும் விவரித்தார்கள். நோயாளி மருத்துவரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் அவர் தலையைச் சிறிய அளவில் சட்டென்று ஒரு பக்கம் திருப்புவார். உட்செவி நன்றாயிருந்தால் கண் மூக்கை விட்டு அசையாது. கெட்டிருந்தால் கண் தலையோடு போய்விட்டு, பிறகு ஒரு தாவலில் மூக்குக்குத் திரும்பும். அந்த ஒரு தாவலைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கருவி கிடையாது, செலவு கிடையாது.

சகோதரி ஏ.ஐ., உங்களுக்குப் பிறவியிலிருந்தே கண் அசையாது. தசைகள் இறுகிப்போன நிலை. 1997-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கில்கிரிஸ்ட், பிரவுன், ஃபிண்ட்லே உங்களைப் பற்றி எழுதியபோது நீங்கள் 21 வயது மாணவி. தடையில்லாமல் படித்தீர்கள், படங்களைப் பார்த்தீர்கள். ஆய்வாளர்கள் உங்கள் தலையின் அசைவைப் பதிவு செய்தபோது அது மற்றவர்களின் கண் போலவே தாவி நின்று, தாவி நின்று போனது. கண்ணுக்கு முடியாததைத் தலை எடுத்துக்கொண்டது. யாரும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நம் கூர்மையான பார்வை கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடத்தில்தான் உண்டு. அதை வேண்டிய இடத்துக்கு விரைவாகக் கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினால்தான் உலகம் தெளிவாகத் தெரியும். பார்வைக்கு இந்தத் தாவி நிற்கும் முறை எவ்வளவு அவசியம் என்பதை உங்கள் கழுத்து சொல்லிவிட்டது. கோயில் முற்றத்தில் நடக்கும் புறாக்கள் கழுத்தை முன்னே நீட்டி, நிறுத்தி, உடல் வந்து சேர்ந்ததும் மறுபடி நீட்டுவதும் காட்சி நழுவாமல் இருக்கத்தான் என்று 1978-இல் பாரி ஃப்ராஸ்ட் அவற்றை ஓடும் பட்டையில் நடக்கவிட்டுக் காட்டினார். சுற்றுப்புறம் நகராதபோது அவை தலையை அசைக்கவில்லை.

இந்தத் துறையில் தங்கள் உடலையே கொடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. எர்ன்ஸ்ட் மாக் தன் கண்ணோரத்தில் பிசுபிசுப்பான களிம்புக் கட்டிகளை அடைத்துக் கண்ணை அசையாமல் செய்து பார்த்தார். 1970-களில் ஜான் ஸ்டீவன்ஸ் விழிப்புடன் இருக்கும்போதே தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டு, கண்ணை நகர்த்த முயலும்போது என்ன தெரிகிறது என்று பதிவு செய்யவைத்தார். அவர்களுக்கும் என் வணக்கம். ஆனால் அவர்கள் விரும்பி நுழைந்தார்கள். மருந்தின் வேகம் இறங்கியதும் வெளியே வந்தார்கள். நீங்கள் நால்வரும் கேட்டு வாங்கிய நிலை அது அல்ல, சோதனை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் அதே கண்களோடுதான் வாழ்ந்தீர்கள்.

உங்கள் எல்லோரிடமும் நான் மதிப்பது ஒன்று உண்டு. “தலை சுற்றுகிறது” என்ற ஒரே சொல்லோடு நீங்கள் நிறுத்தவில்லை. தேநீர் உறைந்து நிற்கிறது, தொடர்ந்து பார்த்தால் உலகம் ஓடுகிறது, நாடி துடிக்கும்போது எழுத்து ஆடுகிறது என்று கண்ணில் பட்டதைப் பட்டபடி சொன்னீர்கள். கேட்டவர்களும் சிரித்துத் தள்ளாமல், அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டும் சேரும் இடங்கள் நம்மிடம் இன்னும் குறைவு. புறநோயாளிப் பிரிவில் நெடுநேரம் வரிசையில் நின்று, இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டிய நோயாளி எதைச் சொல்வார்? “மயக்கமா வருது” என்பார். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சத்து மாத்திரை எழுதுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெரியவர் தெருவில் நடக்கும்போது வீடுகள் மேலும் கீழும் குதிக்கின்றன என்றார். ஒரு மருத்துவமனையில் நீண்ட நாள் ஊசி போட்டுக்கொண்ட பிறகு வந்த தொல்லை அது. அங்கே அதைச் சொன்னபோது வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்களாம். அவர் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். நின்றபோது கடைசி வரிவரை படித்தவர், தலை ஆடியபோது மேல் வரிகளோடு நின்றுவிட்டார். டாக்டர் ஜே.சி., அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே உங்களால்தான். அவரைக் காது மருத்துவரிடமும் சமநிலைப் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தேன்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் நடக்கும்போது எதிரே இருப்பவை குதிக்கின்றன, தலையைத் திருப்பினால் காட்சி பின்னால் தங்கிவிட்டு வருகிறது, வண்டி வருவது தெரியாமல் திடீரென்று பக்கத்தில் நிற்கிறது என்று சொன்னால் அதை “மயக்கம்” என்று சுருக்கிவிடாதீர்கள். எப்போது, என்ன செய்யும்போது, எது எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அண்மையில் ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி போட்டிருந்தால் அதன் பெயரையும் தேதியையும் பக்கத்திலேயே குறித்து, மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். திடீரென்று தொடங்கிய தலைசுற்றலோடு பேச்சுக் குழறலோ, கை கால் பலவீனமோ, ஒன்று இரண்டாகத் தெரிவதோ, நிற்க முடியாமையோ இருந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.


உங்களைப் பாடமாக நடத்தும் ஓர் ஆப்டோமெட்ரி ஆசிரியர்